காரைக்கால் மகளிரும் ஓய்வுநாள் உடையும்

உணவுக்கு அடுத்த நிலையில் மக்கட்கு இன்றியமையாதது உடை. தமிழர் உடையைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவ்வெழுத்துக்களை ஒருசேர வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அரசர் உடுத்த பட்டையும், திருமேனிக்குச் சாத்தும் பரிவட்டத்தையும், மணமகள் உடுக்கும் கூறைப்புடவையையும் விரித்துரைத்த அளவிற்கு, ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அரிசியில் கல் பொறுக்கும்போது என்ன உடுத்தியிருந்தாள் என்பதை நாம் விரித்துரைக்கவில்லை. விழாநாள் உடைக்கு வரலாறு உண்டு, வெறுநாள் உடைக்கு அஃது இல்லை என்பது போன்ற எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. அதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. வெறுநாள் உடையின் வரலாற்றை அறியாமையால், இன்றைய பெண்டிர் சனி, ஞாயிறுகளில் எளிமை கருதி உடுப்பனவற்றை மரபு பிறழ்ந்தவை எனக் கடிந்துரைப்பாரும் உளர். அவர் மரபு எனக் கருதுவது எத்துணைப் பழமையுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டுவேலைக்கும் இடையூறின்றி, அண்டை வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் குளக்கரைக்கும் மாற்றாமல் செல்ல இடந்தருவதாய், துவைத்துக் காயவைக்க எளியதாய் உள்ள உடையை 'ஓய்வுநாள் உடை' என ஈண்டுக் குறியீடு செய்துகொள்வோம். இதனை ஆராய்தற்குக் காரைக்காலை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அமைந்த இச்சிறு நிலம், மொழியாலும் பயிராலும் சோணாட்டின் பகுதியே. ஆயினும் 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்ட ஆண்டுகள் நீங்கலாக, பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. வடக்கே கடற்கரையோரமாகச் சிறிது தொலைவில் டேனியரின் தரங்கம்பாடி; தெற்கே நாகூரும், 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தர் வசமிருந்த நாகப்பட்டினமும். மூன்று ஐரோப்பிய நாட்டார் துணி வாங்குதற்காகவே வந்து தங்கிய துறைகள் இவை. உள்நாட்டுத் தறியும் வெளிநாட்டுக் கப்பலும் இவ்வாறு அணுகி நின்ற இடம் தமிழகத்திற் பிறிது காண்டல் அரிது.

முதற்கண் சொற்களை நோக்குவோம். இன்று புடவை என்றால் பெண்டிர் உடுக்கும் நீள்துணி என்பதே பொருள். பழைய வடிவமாகிய 'புடைவை' துணி என்னும் பொதுப்பொருளே தந்தது. இடைக்காலக் கல்வெட்டுக்களிற் பயிலும் 'புடவை முதல்' என்னும் தொடர், கோயிற் பணியாளர் முதலியோர்க்குத் துணியின் பொருட்டு ஒதுக்கிய முதலைக் குறிக்கும். அது பெண்டிர்க்கென ஒதுக்கியதன்று. ஈழத்தமிழர் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் வேண்டிய துணி யாவும் விற்கும் கடையை இன்றும் 'புடவைக்கடை' என்றே வழங்குவர். சேலை என்பதன் மற்றொரு வடிவமாகிய சீலை என்னும் சொல்லும் இத்தகையதே. திரைச்சீலை, படச்சீலை என்னுமிடங்களில் அது வெறுந்துணியைத்தான் சுட்டுகின்றது. ஆகவே, புடவையும் சேலையும் தொடக்கத்தில் ஒரு பாலார்க்கே உரிய உடையின் பெயர்களாக இருக்கவில்லை. தறியினின்றும் அறுத்தெடுத்த, தைக்கப்படாத துணி எதுவாயினும் அப்பெயர் பெற்றது. அதனை எத்துணை நீளம் உடுத்துவது, எவ்வாறு சுற்றுவது என்பவை உடுத்துவாரின் தொழிலையும் வசதியையும் பொறுத்து அமைந்தன.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைக் குறிக்கின்றது. அவ்விடத்து உரை வகுத்த அடியார்க்குநல்லார் துணிவகைகளின் பெயர்களாக முப்பத்தாறு தருகின்றார். கோசிகம், பீதகம், தேவாங்கு, கவற்றுமடி என்றாற்போல விரியும் அப்பட்டியல் தமிழ் நெசவு வரலாற்றுக்கு ஒரு கருவூலம். எனினும் இம்முப்பத்தாறனுள் நீர்த்துறைக்குக் குடம் கொண்டு செல்வாள் உடுத்தது எது என்று வினவினால் உரையாசிரியர் விடை கூறார். அவர் எண்ணியது வணிகர் வைத்து விற்ற துணிகளை. வீட்டில் உடுத்துக் கிழித்த துணிக்கு எவரும் பட்டியல் எழுதிவைப்பதில்லை. காரைக்காலில் பிறந்த புனிதவதியாரின் வரலாற்றை விரித்த சேக்கிழார்க்கும் அவர் மனையிடத்து உடுத்த துணி பொருளாகத் தோன்றவில்லை. தோன்றவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவின்போது காரைக்கால் தெருக்களில் பட்டுடுத்த மகளிரைக் காணலாம். நாம் ஆராய விழைவது அவ்விழாவுக்கு மறுநாட் காலையில் அவர் உடுத்துவதை.

எளிய உடை சான்றின்றி மறைந்தமைக்கு அதன் பயன்பாடே காரணம். பட்டுப்புடவை பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டு, தாயிடமிருந்து மகளுக்குச் சென்று, சரிகைக்காக உருக்கப்படும் வரையேனும் நிலைத்தது. பருத்திப் புடவைக்கு அவ்வாய்ப்பு இல்லை. நிறம் வெளிறியவுடன் அது வெளியே செல்லும் தகுதியை இழந்து வீட்டுப் புடவையாயிற்று. ஓரம் நைந்தபின் உத்தரத்திற் கட்டிய தூளியாயிற்று. பின்னர்க் குழந்தைக்கு விரிப்பு, பெண்டிர்க்கு மாதவிலக்குத் துணி, அடுப்படியிற் பானை இறக்கும் கரித்துணி எனத் துண்டு துண்டாய்ப் பிரிந்து, எஞ்சிய இழை விளக்குத் திரியாகவும் எரிந்தது. ஒரு பொருள் இறுதி இழைவரை பயன்பட்டதென்றால் அருங்காட்சியகத்திற்குக் கொடுக்க என்ன எஞ்சும்? பருத்திப் புடவை கிடைக்காமை, அஃது இழிவாகக் கருதப்பட்டமைக்குச் சான்று எனக் கொள்வது பிழை.

அத்தகைய புடவை ஒரு குடும்பப் பெண்ணிடம் எத்தனை இருந்தன? இவ்வினாவுக்கு விடை காண வெளுப்புமுறையை அறிதல் வேண்டும். கடலோர ஊர்களில் துணி வெளுப்புக்குப் போனால் ஒரு கிழமையோ பத்து நாளோ கழித்தே திரும்பும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டிலே நனைத்து உலர்த்தினாலும், உப்புக்காற்றின் ஈரத்தால் இரண்டு நாளாகியும் உலராது. எனவே உடலில் ஒன்று, கொடியில் ஒன்று, வெளுப்பில் ஒன்று, பெட்டியில் ஒன்று என நான்கு இருப்பின் ஒரு பெண் குறைவின்றி வாழலாம் என்பது கணக்கு. யாம் வினவிய மூதாட்டியர் சிலர் இக்கணக்கையே கூறினர். வறியவர்க்கு இரண்டே உண்டு. 'உடுக்க ஒன்று, மாற்ற ஒன்று' என்னும் வழக்கு அவர்தம் நிலையைக் குறிப்பது. இந்நான்கு புடவைக்கும் நான்கு ரவிக்கை இருந்ததாக நினைத்தலாகாது. ஒவ்வொரு புடவைக்கும் அதற்கேற்ற நிறத்தில் ரவிக்கை தைக்கும் வழக்கம் பரவுமுன், கறுப்பிலோ அரக்கு நிறத்திலோ ஒன்றிரண்டு ரவிக்கைகளை வைத்துக்கொண்டு எல்லாப் புடவைக்கும் அவற்றையே அணிந்தனர். சில துணிகளைக் கொண்டு பல நாள்களை நிரப்பும் இம்முறையை மேனாட்டு ஆடை வல்லுநர் இன்று புதிதாகக் கண்டதுபோல் எடுத்துரைக்கின்றனர். நம் பாட்டியர்க்கு அது வறுமையும் மழையும் சேர்ந்து கற்பித்த பாடம்.

இனி, மரபு எனப்படும் உடையின் காலத்தை வரையறுப்போம். உள்பாவாடை, ரவிக்கை, பன்னிரண்டு முழப் புடவை என்னும் மூன்றும் சேர்ந்ததையே இன்று தொன்றுதொட்ட தமிழுடை என்பர். இரண்டு முழம் ஒரு கெஜம். ஆகவே பன்னிரண்டு முழம் ஆறு கெஜம். இதற்கு முன்னையது பதினெட்டு முழம், அஃதாவது ஒன்பது கெஜம். அந்நீளத்தில் உள்பாவாடைக்குத் தேவையில்லை. சுற்றிலே மறைப்பும் கொசுவத்திலே நடைக்கு இடமும் அமைந்தன. மேலாக்கு மார்பை மூடியது. நாற்று நடுவோர் முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டனர். பிரெஞ்சு இயற்கைநூலறிஞர் சொன்னரா கிழக்கிந்திய நாடுகளிற் செய்த பயணத்தைப் பற்றி 1782-இல் வெளியிட்ட நூலின் படங்களும், தஞ்சை முதலிய இடங்களில் ஐரோப்பியர்க்காகத் தீட்டிய இணை ஓவியங்களும் நமக்கு இங்கே துணையாகும். ஒவ்வொரு தொழில் செய்வாரையும் கணவன் மனைவியாய் இணைத்து வரைந்தவை அவ்வோவியங்கள். கோயிற்பட்டு உடுத்தவரை விடுத்து, தொழில்செய்யும் மகளிரை அவை காட்டுதலால் அவற்றின் மதிப்பு மிகுதி. அவற்றுட் பலர் ஒரே நீள்துணியால் உடல் முழுதும் மறைத்து, தைத்த உடை ஏதுமின்றி நிற்கின்றனர்.

தைத்த உடையைத் தமிழர் அறியார் என்பது இதன் கருத்தன்று. முல்லைப்பாட்டு யவனர் அணிந்த சட்டையை 'மெய்ப்பை' என்னும் சொல்லாற் குறிக்கின்றது. மெய்யை இடுதற்குரிய பை என்பது எத்துணை நயமான பெயர்! அஃது அயலார் உடையாதலின், பார்த்தவர் வியந்து இட்ட பெயர் போலும். கடலோர ஊர்களில் ஐரோப்பியக் கலப்புடையாரைச் 'சட்டைக்காரர்' என்றே மக்கள் அழைத்தனர். சட்டையணிதல் ஒரு குழுவுக்குப் பெயராகும் அளவிற்குப் பிறரிடத்து அருகியிருந்தது என்பதை இச்சொல் நமக்கு உணர்த்துகின்றது.

பெண்டிர்க்கு ரவிக்கை பொதுவுடைமையான வரலாறு போராட்டம் கலந்தது. தமிழ் வழங்கிய தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு துன்புற்றனர். 1859-இல் வெளிவந்த அரசாணை அவர்க்கு மார்பை மறைக்கும் உரிமை தந்தது. தந்தபோதும், உயர்குலப் பெண்டிரைப் போன்று மட்டும் உடுத்தலாகாது என விலக்கு வைத்தது. எந்தக் குலத்தாள் எம்முறையில் துணியைப் போர்த்துவது என்பதை அரசு எழுதிவைத்த காலம் அது. காரைக்காலில் அத்தகைய ஆணை இல்லையாயினும் ரவிக்கை இங்கும் எல்லாக் குடியினர்க்கும் ஒரே காலத்திற் கிட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தையற்பொறி ஊர்தோறும் பரவிய பின்னரே ரவிக்கையும் உள்பாவாடையும் பெருவழக்காயின; புடவையின் நீளம் குறைந்ததும் அதனையொட்டியே. உள்ளே பாவாடை வந்தமையால் வெளியே மூன்று கெஜம் மிச்சமாயிற்று எனலாம். 'பாவாடை' என்னும் சொல்லே முன்பு பெரியோர் நடந்து வருதற்கு நிலத்தில் விரித்த துணியைக் குறித்தது; பெண்ணுடையைக் குறித்தது பின்னை வழக்கு. எனவே, தொன்மை எனப் போற்றப்படும் மூவகை உடை பெருவழக்காகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே ஆகின்றது. இதனை அறியாது மரபு பேசுவார், தம் பாட்டியின் இளமைக்காலத்தையே சங்ககாலமாகக் கொண்டவர் ஆவர்.

காரைக்கால் மகளிரின் எளிய உடையில் கடலுக்கு உரிய பங்கை இனிக் காண்போம். சோழமண்டலக் கரையினின்றும் சென்ற துணிகளுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கவை. ஒன்று, அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்த நீலத்துணி. 'கினே' எனப் பிரெஞ்சு வணிகர் வழங்கிய அதனைப் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி, ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்குதற்கு நாணயம்போற் பயன்படுத்தினர். மற்றொன்று கட்டம்போட்ட பருத்தித்துணி. இதன் செலவு வியத்தற்குரியது. பழவேற்காட்டிலிருந்து மலாய் நாடுகளுக்குச் சென்ற கட்டத்துணி அங்கே 'காயின் பெலெக்காட்' என அவ்வூர்ப் பெயராலேயே வழங்கலாயிற்று. பிரெஞ்சுக்காரர் வழியே மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது 'மதராஸ்' எனப் பெயர் பெற்றது. மார்த்தினீக், குவாதலூப்பு ஆகிய தீவுகளின் பெண்டிர் அதனைத் தலையிற் கட்டினர். அக்கட்டில் நிமிர்ந்து நிற்கும் முனைகள் ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதைக் கொண்டு அவள் மனம் எவர்க்கேனும் உரியதா என அறியலாம் என்பது அங்குள்ள வழக்கு. இன்று அத்தீவுகளின் விழா உடையே அக்கட்டத்துணிதான்.

துணி சென்ற வழியே மக்களும் சென்றனர். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் 1853-இல் மார்த்தினீக்கையும், 1854-இல் குவாதலூப்பையும் அடைந்தது. காரைக்கால் அவ்வாறு ஆள் ஏற்றிய துறைகளுள் ஒன்று. 1880களின் இறுதிவரை குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினீக்கிற்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர். தன் நாட்டிற் கூலிக்காரன் இடுப்பிற் கட்டிய கட்டத்துணியை, பெயரறியாத தீவில் பெண்டிர் தலையில் அணிகலனாகக் கண்ட காரைக்காற் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது. ஓரிடத்தில் எளியது பிறிதோரிடத்தில் விழாவுக்குரியதாகும். எளிமை துணியினிடத்து இல்லை, இடத்தினிடத்து உள்ளது.

காரைக்காலிலேயே கட்டத்துணி பெண்டிர் இடுப்புக்கும் உரியதாயிற்று. கடல்வாணிகம் நடத்திய மரக்காயர் குடும்பங்களின் பெண்டிர் வீட்டினுள் கைலியும், அதன்மேல் சட்டையும், தோளில் ஒரு மெல்லிய துணியும் அணிந்தனர். மலாய் நாட்டுப் பெண்டிரின் உடையொடு இஃது ஒத்திருத்தல் கடல்வழித் தொடர்பால் நேர்ந்தது. வெளியே செல்லுங்கால் வெள்ளைத் துப்பட்டியால் உடல் முழுதும் போர்த்துக்கொள்வர். உள்ளே எவ்வுடை இருப்பினும் துப்பட்டி ஒன்றே வெளியுலகுக்குத் தெரிவது. ஆகவே வீட்டுடை வெளியுடை என இரண்டு அடுக்கி வைக்கும் தேவை அவர்க்குக் குறைந்தது. உடை மாற்றாமல் வெளியே செல்லும் வசதியை முதலிற் கண்டவர் இவரே எனினும் மிகையாகாது. துப்பட்டியின் இடத்தைப் பிற்காலத்தில் கறுப்பு அங்கி பெருமளவு கைக்கொண்டது. எனினும் வீட்டினுள் கைலி மறையவில்லை.

எளிய உடையை உள்நாட்டார் எழுதிவைக்கவில்லை என்றோம். எழுதிவைத்தவர் ஒருவர் உளர். அவர் நண்பர் அல்லர். 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகள் எழுநூற்றை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக அமைத்தார். இருபது படிகள் செய்யப்பட்டுப் பதின்மூன்று பிரிட்டனிலும் ஏழு இந்தியாவிலும் வைக்கப்பெற்றன. அதனொடு அவர் எழுதிய நூலில் பிரிட்டிஷ் ஆலைக்காரர்க்கு ஓர் அறிவுரை உண்டு. செல்வர் உடுக்கும் அழகிய துணிகளை நாடற்க. அவற்றை வாங்குவோர் சிலர். கோடிக்கணக்கான எளிய மக்கள் அன்றாடம் உடுப்பதைக் கூர்ந்து நோக்கி, அந்நீளத்தில், அக்கரையுடன், அந்நிறத்தில் நெய்து அனுப்புக என்பது அதன் சாரம். நாம் பட்டின் அழகை வியந்துகொண்டிருந்தபோது நம் பெண்டிரின் வெறுநாட் புடவையை முழக்கோல் வைத்து அளந்தவன் அதனை நெய்தவனை வீழ்த்த எண்ணியவன். எளிய உடையின் வரலாறு எழுதாமை வெறும் ஏட்டுக்குறை என எண்ணுவார் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்க.

உடையைப் பேசினோம், ஓய்வுநாளைப் பேசவில்லை. உழவர்க்கு அமாவாசையன்று ஏர்பூட்டாமை வழக்கு. பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுக்கு நாள்கள். அவ்விரு நாள்களிலும் தலைமுழுகி, வெளுத்த புடவை உடுத்து, ஈரக்கூந்தலை நுனி முடிந்து தொங்கவிட்டிருப்பர். பழங்குடும்பங்களில் ஓய்வின் சாயல் படிந்த உடை உண்டென்றால் அவ்வெள்ளிக்கிழமைப் புடவையே அது. ஞாயிறு விடுமுறை பள்ளி, அலுவலகம், ஆலை ஆகியவற்றின் வழி வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் தொழிலாளரின் ஓய்வு எளிதிற் கிட்டியதன்று. 1936 ஜூலை 30-ஆம் நாள் புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் நீத்தனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937 ஏப்ரலில் எட்டுமணி நேர வேலை ஆணையாயிற்று. ஆலையாடவர்க்கு நேரம் மிச்சமாயிற்று. அவர் வீட்டுப் பெண்டிர்க்கு என்ன மிச்சமாயிற்று? கணவரும் மக்களும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மீன் ஆய்வதும், மசாலை அரைப்பதும், ஒரு கிழமையின் துணியைத் துவைப்பதும் சேர்ந்து வேலை இரட்டித்தது. அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் பணிபுரியும் இன்றைய காரைக்காற் பெண்டிர்க்கும் நிலை பெரிதும் மாறவில்லை. ஐந்து நாள் கஞ்சியிட்டுத் தேய்த்த புடவையை ஊக்குகளால் நிறுத்தி வைப்பவர், ஆறாம் நாள் எளிய உடையை நாடுவது சோம்பலால் அன்று. குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை அன்றைக்குத்தான் மிகுதி.

இப்பின்னணியில் வைத்தே சுடிதாரையும் நைட்டியையும் நோக்குதல் வேண்டும். தாவணியின் இடத்தைச் சுடிதார் கைக்கொண்டதும், வீட்டுப் புடவையின் இடத்தை நைட்டி கைக்கொண்டதும் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. உறங்கும்போது அணிதற்கு எனத் தைத்த அங்கியைத் தமிழ்ப் பெண்டிர் பகலுடையாக்கினர். அதன்மேல் தோளில் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ இட்டுக்கொண்டால் பால் வாங்கவும் மீன்காரியிடம் விலை பேசவும் போதும் என வரையறுத்தனர். அத்துண்டை நோக்குக! மார்பின் குறுக்கே செல்லும் மேலாக்கு அதுவே. மரக்காயர் வீட்டுப் பெண்டிர் கைலிச் சட்டைமேல் இட்ட மெல்லிய துணியும் அதுவே. தைத்த பையினுள் மெய்யை இட்டு, தைக்காத துணியைத் தோளில் இடுதல் இக்கரைக்குப் புதிதன்று. யவனர் மெய்ப்பை இரண்டாயிரம் ஆண்டு சுற்றி நம் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது எனச் சிரித்துக்கொள்ளலாம். யாம் பணியாற்றிய கல்வி நிலையம் ஒன்றில் மாணவியர் விடுமுறை நாளிலும் 'மரபுடை'யில் மட்டுமே நூலகத்துக்கு வருதல் வேண்டும் என அறிக்கை ஒட்டினர். மரபுடை என்பது யாது என வினவிய மாணவிக்குக் கிடைத்த விடை, பாவாடை தாவணி என்பது. தாவணிக்கு முன்னைய மரபைக் கேட்டிருந்தால் அறிக்கை எழுதியவர் இடருற்றிருப்பார்.

நைட்டியில் நாம் காணும் குறை வேறு. அதன் துணி பெரும்பாலும் காரைக்காலுக்கு அணிமையில் நெய்ததன்று. செயற்கை இழை கலந்ததாயின் இக்கடற்கரையின் வெம்மைக்கும் வியர்வைக்கும் ஒவ்வாது. மெல்லிய பருத்திப் புடவைக்கும் கட்டத்துணிக்கும் இருந்த இப்பொருத்தத்தை உலகம் அறிந்தே வாங்கிற்று. 1960களில் அமெரிக்க இளைஞர் தம் வாரஇறுதியில் அணிந்த கட்டச்சட்டை சென்னைத் துணியே. முதற்சலவையில் அதன் சாயம் ஒன்றொடொன்று கலந்ததைக் கண்டு வாங்கியோர் முதலிற் சினந்தனர். வணிகரோ, சாயம் போகும் என்று உறுதி கூறுகின்றோம் எனவே விளம்பரம் செய்து அக்குறையையே சிறப்பாக்கி விற்றனர். சாயம் போகும் கட்டத்துணியைத் தனியே நனைத்து உப்பிட்டு அலசவேண்டும் என்பது காரைக்காலில் எந்தப் பெண்ணும் அறிந்தது. நம்மூரில் கூலிக்காரன் கைலியும் மரக்காயர் வீட்டு உடையுமான துணி, கடல் கடந்து ஓய்வுநாளின் அடையாளமாயிற்று. அதே துணியில், பெண்டிர்க்கு ஏற்ற அங்கியும் சட்டையும் தைத்து இவ்வூர்க் கடைகளில் விற்பின், வாங்குவோர் வியப்பின்றி வாங்குவர் என்பது எம் கருத்து.

காரைக்காலின் வாரஇறுதியைப் பேசுவார் திருநள்ளாற்றைப் பேசாதிருத்தல் இயலாது. சனிக்கிழமைதோறும் பல ஊரினின்றும் அடியார் அங்கே திரள்வர்; சனிப்பெயர்ச்சி நிகழும் ஆண்டுகளில், 2020, 2023-இல் நிகழ்ந்ததுபோல, கூட்டம் பன்மடங்காகும். நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் மூழ்கி, உடுத்துவந்த பழந்துணியை அங்கேயே விட்டுப் புதியது உடுத்திக் கோயிலுக்குச் செல்லுதல் வழக்கம். துணி குளத்திற் சேர்ந்து நீர் கெடுதலால், கரையிலே தனியிடத்தில் இடுமாறு இப்போது அறிவிக்கின்றனர். விட்டுச்செல்லுதற்கென்றே உடுத்து வருவதாகலின் எவரும் அங்கே பட்டை விடுவதில்லை. யாம் சென்ற ஒரு சனிக்கிழமை காலையில் அக்கரையில் நின்று நோக்கினோம். நீர் சொட்டக் கிடந்த குவியலில், பூப்போட்ட நைட்டிகள், முழங்கை வெளிறிய சுடிதார்கள், கட்டம் மங்கிய கைலிகள், இழை தெரியும் பருத்திப் புடவைகள் எனப் பல தலைமுறையின் வெறுநாள் உடைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. துப்புரவுப் பணிபுரியும் பெண் ஒருத்தி, தன் நைட்டியின்மேல் ஒரு துண்டைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, அவற்றைக் கழியால் வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நீலப் புடவையை மட்டும் விரித்துப் பார்த்து, கிழிசல் சிறிதெனக் கண்டு, முறுக்கிப் பிழிந்து தனியே வைத்தாள்.